இடைவெளி நிரப்ப வைத்த கேழ்வரகு மாவு

சென்ற ஆண்டு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், எங்கள் ஊருக்கு அடுத்துள்ள பள்ளி ஒன்றிலிருந்து வந்து என்னை அழைத்துப் போனார்கள். வெளிநாட்டில் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணியில் இருக்கும் நம் படைவீரர்களுக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் பொருள் திரட்டியிருந்தார்கள். அவற்றைக் கட்டி அனுப்ப, அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் உதவி வேண்டும் என்றார்கள். கூடத்தில் 40 அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மூவண்ணக் கொடி வரைந்து, ‘இந்தியப் படைவீரர், தென் சூடான்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்தேன். கையால் பின்னிய கம்பளிக் குல்லாய்கள் இருந்தன. போய்ச் சேரவேண்டிய இடத்திலோ கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய், வாசனைத் தெளிப்பான், சிகரெட் லைட்டர், இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதியாகப் போகும் பிஸ்கட் பாக்கெட்டுகள், முகப்பவுடர் எல்லாம் கலந்து கிடந்தன. தெளிப்பானையும் லைட்டரையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், ஊறுகாய் வழி நெடுகக் கசியும், இந்த முகவரிக்கு எந்தப் பெட்டியும் போய்ச் சேராது, பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். கூட நின்ற இளம் ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. “பிள்ளைங்க ஆசை ஆசையா கொண்டு வந்தது மேடம். மனசுதானே மேடம் முக்கியம்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அது விடவில்லை. மனசுதான் முக்கியம் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அதே சமயம் அந்த 40 பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வரவும் என் கை ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறேன் என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க, என் அண்ணன் மகனுக்கு நான் அனுப்பிய ஒரு பெட்டியிலேயே வந்து நிற்கிறது நினைப்பு. அதைச் சொல்வதற்கு முன், என் வேலையில் நான் பார்த்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முகவரியில் ஊர் இல்லாத கடிதங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும், அவை ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே, பல அஞ்சலகங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வெளியே போய்ச் சம்பாதிப்பது வழக்கம். ஒருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் இன்னொருவன் ராணுவத்துக்குப் போவான். ஆகவே ராணுவ முகவரி எழுதிய உறைகள் எங்கள் கைகளில் புழங்கிக்கொண்டே இருக்கும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன் கீழே ‘மேற்பார்வை 56 ஏபிஓ’ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), 9 என்ற எண்ணில் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான் முகவரி. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் நிலப்பகுதிகளுக்கு 1 முதல் 8 வரையும் ராணுவ அஞ்சலுக்கு 9-உம் முதல் இலக்கமாக வைக்கப்பட்டன. 636701 என்று எழுதினால் தர்மபுரி என்று எவரும் சொல்லிவிடலாம். 9-இல் தொடங்கும் எண்ணை வைத்து, அந்த மனிதர் பனிமலையில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

1999-இல் கார்கில் போர் நடந்த மாதங்களில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் கவுண்டருக்கு வந்தார். காடாத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்த ஒரு சிறிய பார்சல். தையலின் முடிச்சுகள் மேல் அரக்கு வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, அதையும் வைத்திருந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். “புளிங்க அம்மா, ரெண்டு கிலோ” என்றார். போர் நடக்கும் இடத்துக்குப் புளியா என்று எனக்குத் தோன்றியது; வாய்விட்டும் கேட்டுவிட்டேன். “அவங்கம்மா வைக்கிற குழம்பு அவனுக்கு வைக்கத் தெரியும். அங்க நம்ம மரத்துப் புளி கிடைக்காதுங்களே” என்றார். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டபின், குரலைத் தாழ்த்தி, “இந்த நம்பரைப் பார்த்து எந்த ஊர்னு உங்களால சொல்ல முடியுங்களா?” என்று கேட்டார். முடியாது ஐயா என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் போனபின் வெகுநேரம் அந்தப் பார்சலைப் பைக்குள் போடாமல் மேசை மேலேயே வைத்திருந்தேன். அந்தப் புளியின் பொருள் எனக்கு விளங்க அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ராணுவ அஞ்சல் பணி 1972 மார்ச் 1 அன்றுதான் தனிப் படைப்பிரிவாக ஆக்கப்பட்டது. அதில் பணியாற்றுபவர்களில் பெரும்பகுதி எங்களைப் போன்ற அஞ்சல் ஊழியர்கள். அயற்பணியில் போய்ச் சீருடை அணிந்து சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து அப்படிப் போய் வந்த ஒருவர், பின்னாளில் எனக்குப் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். அவர் ஒரு தபால்தலை ஆல்பம் வைத்திருந்தார். இந்திய வரைபடம் பொறித்த சாதாரணத் தபால்தலைகளின் மேல் ‘காங்கோ, ஐ.நா. படை’ என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையில் அச்சிட்ட 1962-ஆம் ஆண்டுத் தலைகளும், நேரு உருவம் கொண்ட 15 காசுத் தலையில் காசாவிலிருந்த ஐ.நா. படைக்காக எழுத்துப் பொறித்த 1965-ஆம் ஆண்டுத் தலையும் அதில் இருந்தன. 1953-இல் கொரியாவுக்குப் போன நம் படைக்கும் அப்படித் தனித் தலைகள் இருந்தன. படை எங்கே போகிறதோ அங்கே அரிசியும் மருந்தும் போவதைப் போலவே தபாலும் கூடவே போகும் என்பார் அவர். சாயங்காலம் தபால் பையைப் பிரித்துப் பெயர்களைச் சத்தமாகப் படிக்கும்போது, கூப்பிடப்பட்டவன் முகத்தைவிடக் கூப்பிடப்படாதவன் முகத்தைத்தான் தாம் கவனிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

தகரப் பெட்டியில் மசாலா

கடல் கடந்து போன படைவீரனுக்கு ஊரார் சேர்ந்து பொருள் அனுப்புவது புதிதாக வந்த வழக்கம் அல்ல. 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு, 17 வயது இளவரசி மேரியின் பெயரால் பொதுமக்களிடம் நிதி திரட்டி, படையினருக்குச் சிறிய பித்தளைப் பெட்டிகளை வழங்கினார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் புகையிலையும் சிகரெட்டும் வைத்த பெட்டி. புகைக்காதவர்களுக்கு வேறு பொருள்கள். இந்திய வீரர்களுக்கு என்று வந்தபோது அதே பொருள்களை வைத்து அனுப்பிவிடவில்லை. கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷ் வீரர்களுக்கு வைத்ததையே வைத்தார்கள். சீக்கியர் புகையிலையைத் தொடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குக் கற்கண்டும் ஒரு தகரப் பெட்டி நிறைய மசாலாவும். மற்ற இந்தியர்களுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. ஆட்சியாளர் தம் ஆளுகைக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுத்தது அது என்பதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. ஆனாலும், ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒரே மாதிரி நிரப்புவது எவ்வளவு எளிது என்பது பார்சல் கட்டிப் பழகிய எனக்குத் தெரியும். அந்த எளிய வழியை விட்டுவிட்டு, ‘இவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? எதைத் தொடமாட்டார்கள்?’ என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். குளிரும் சேறும் நிறைந்த பதுங்கு குழியில் அந்தத் தகர மூடியைத் திறந்தவனுக்கு மூக்கில் ஏறிய மல்லி, மிளகு வாசனைக்கு அந்தக் கேள்விதான் காரணம்.

நம் பக்கத்திலேயே அதைவிடப் பழைய சான்று இருக்கிறது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த தர்மபுரியும் அதைச் சுற்றிய ஊர்களும் நடுகற்களுக்குப் பேர்போனவை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கற்களில் சிலவற்றில், வீரனின் காலருகே மூக்கு வைத்த ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். வாளையும் வில்லையும் செதுக்கிய தச்சன், அவனுக்குக் குடிக்க என்ன வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ முறை அந்தக் கற்களைக் கடந்து போயிருக்கிறேன். கெண்டியைக் கவனித்தது அண்மையில்தான்.

குலுங்கக் கூடாது

என் அண்ணன் மகன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். ராணுவத்தில் சேர்ந்து ஒன்பதாம் ஆண்டில், ஓராண்டுப் பணியாகத் தென் சூடானுக்கு அனுப்பப்பட்டான். 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்ற நாடு அது. அந்த மாதத்திலிருந்தே ஐ.நா. படை அங்கே இருக்கிறது; அதில் இந்தியப் படையினர் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். இவன் இருந்தது வெள்ளை நைல் ஆற்றங்கரையில் உள்ள மலக்கால் என்ற ஊரின் முகாமில். இந்தியா நடத்தும் மருத்துவமனை ஒன்றும் அங்கே உண்டு. அமைதிப் பணி என்ற பெயரைக் கேட்டு முதலில் அண்ணி நிம்மதியாக இருந்தார். பிறகு யாரோ கைப்பேசியில் பழைய செய்தி ஒன்றைக் காட்டிவிட்டார்கள். 2013 ஏப்ரல் 9 அன்று அதே நாட்டின் ஜோங்லே மாநிலத்தில் வாகனங்களுக்குப் பாதுகாப்பாகப் போன இந்திய வீரர்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி. ஐ.நா. அமைதிப் பணிகளில் உயிர் நீத்தவர்களில் இந்தியர்களே அதிகம், 170 பேருக்கும் மேல் என்பதை நான் முன்பே அறிவேன், அண்ணியிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சு, பிள்ளைக்கு ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்பதுதான். பயத்துக்குக் கை வேலை கேட்கும். நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே முகாமில் வேறு பிரிவில் இருந்த நம் பக்கத்துப் பையன் ஒருவன் விடுப்பில் வந்திருந்தான். எட்டு கிலோ வரை எடுத்துப் போகிறேன் என்றான். நான் எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் பிடித்தேன். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி அரைத்தேன். எங்கள் மரத்துப் புளியில் புளிக்காய்ச்சல் வைத்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை சுண்டவிட்டு, ஆறியபின் டப்பாவில் அடைத்து, மூடிக்குக் கீழே பாலித்தீன் தாள் வைத்து இறுக்கி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினேன். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, காதருகே தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன். இது எங்கள் தொழில் பழக்கம். உள்ளே சத்தம் கேட்டால் அந்தப் பார்சலை மறுபடி கட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளே ஆடுகிற பொருள்தான் உடைகிறது. சத்தம் கேட்டது. டப்பாக்களுக்கு நடுவே இடைவெளிகள் இருந்தன. செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கலாம் என்று பார்த்தேன். எடையில் இன்னும் ஒன்றரைக் கிலோ மீதி இருந்தது. வெறும் காகிதத்தை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை. அண்ணி வீட்டில் மில்லில் அரைத்து வைத்திருந்த கேழ்வரகு மாவு கண்ணில் பட்டது. வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றி, மூன்று கெட்டிப் பைகளில் போட்டு, இடைவெளிகளில் செருகினேன். மூலையில் மிச்சமிருந்த இடத்துக்கு ஒரு பிடி அரிசி நொய். மறுபடி குலுக்கினேன். சத்தம் இல்லை.

கேழ்வரகு மாவை வைத்ததில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்தது. எங்கள் தலைமுறைக்குக் களி என்பது இல்லாத வீட்டுச் சாப்பாடு. நெல்லுச் சோறு பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் களிதான். ரேஷன் அரிசி வந்தபின் களி அடுப்பை விட்டு மெல்ல இறங்கியது. சர்க்கரை வியாதி வந்தபின் இப்போது பெரிய ஊர்க்காரர்கள் அதைத் தேடுகிறார்கள் என்பது வேறு கதை. நாட்டுக்காகக் கடல் கடந்து போன பிள்ளைக்குக் கேழ்வரகு மாவா என்று நினைத்து, பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதி வைத்த துண்டுத் தாளில்கூட அதைக் குறிப்பிடாமல் விட்டேன்.

ஒரு வேளை

அவன் பணி முடிந்து ஊர் திரும்பிய மறுநாள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என் எள்ளுருண்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டேன். “நல்லா இருந்துச்சு அத்தை. ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டாங்க, அன்னைக்கே தீந்துபோச்சு” என்றான். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த பேச்சு. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த மாவை அனுப்பணும்னு உனக்கு எப்படி அத்தை தோணுச்சு?” என்றான்.

மழை நின்று நிலம் இறுகியபின் சாலை சீரமைக்க அவர்களைச் சிறு குழுவாக வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அந்த நிலம் கரிசல் மண். மழையில் வண்டி அச்சு வரை புதையும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். கூடாரம் போட்டுச் சில வாரம் அங்கேயே தங்கல். குழுவில் தமிழ் பேசுகிறவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் பெரும்பாலும் வட மாநிலத்தவர். ஐ.நா. கொடுக்கும் ரேஷனில் குறையொன்றும் இல்லை என்று அழுத்திச் சொன்னான். மாவு, பருப்பு, கறி, பழம் எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல்காரருக்குக் காய்ச்சல். இவன் தன் பெட்டியைத் திறந்து மாவை வெளியே எடுத்திருக்கிறான்.

சிறு வயதில் அண்ணி களி கிண்டும்போது பக்கத்தில் நின்று பானையைப் பிடித்துக்கொள்பவன் இவன்தான். நொய்யைக் குழைய வேகவிட்டு, கொதிக்கும் அந்தக் கஞ்சியின் நடுவில் மாவைக் கோபுரமாகக் கொட்டி, கிளறாமல் மூடி வைத்து, மாவு வெந்து மேலே வெடிப்பு விட்டபின் துடுப்பை இறக்கிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. துடுப்பு இல்லை. சாலை வேலைக்கு வந்திருந்த கருவிகளில் இன்னும் பயன்படுத்தாத ஒரு மரக்காம்பு, கோடரிக்குப் போடுவது, இருந்ததாம். அதைச் சுடுநீரில் கழுவி, பாத்திரத்தை இரண்டு பேர் காலால் அணைத்துப் பிடிக்க, இவன் கிண்டியிருக்கிறான். கையை நீரில் நனைத்து நனைத்து உருட்டி, தட்டுக்கு ஓர் உருண்டை வைத்து, கொள்ளுப் பொடியைக் கரைத்துக் கொதிக்கவிட்ட சாற்றையும் புளிக்காய்ச்சலையும் பக்கத்தில் ஊற்றினானாம். நண்பர்கள் சப்பாத்தியைப் போல அதைப் பிய்த்து மெல்லத் தொடங்கினார்கள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று இவன் இந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தும், பல்லில் ஒட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்கள்.

அவர்களோடு மொழிபெயர்ப்பாளராக அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் ஒரு தட்டு வைத்தான். அவர் எதையும் கேட்கவில்லை. உருண்டையிலிருந்து ஒரு விள்ளல் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, அந்தக் குழியில் சாற்றை மொண்டு, அப்படியே வாயில் போட்டு விழுங்கினார். எங்கள் அப்பா சாப்பிட்டது அப்படித்தான். இவன் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டானாம். அவர்கள் வீட்டில் சோள மாவில் இதே போல் கிண்டுவார்கள், ‘அசீதா’ என்பது அதன் பெயர் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கேழ்வரகு நம் ஊரில் தோன்றிய பயிர் அல்ல. எத்தியோப்பியா, உகாண்டா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதலில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்தது. இடைவெளி நிரப்ப நான் வைத்த மாவு, தான் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்கே போய் வெந்திருக்கிறது.

அவனுக்கு இதைவிடப் பெரிதாக இருந்தது வேறு. “ஒன்பது வருசமா லங்கர்ல, அதான் ராணுவச் சாப்பாட்டுக் கூடத்துல, தட்டை நீட்டித்தான் அத்தை எனக்குப் பழக்கம். வரிசையில போவோம், தட்டை நீட்டுவோம், போடுவாங்க. துணி அவங்க கொடுக்கிறது, படுக்கை அவங்க கொடுக்கிறது, எங்க போகணும்னு அவங்க சொல்றது. அன்னைக்கு அவங்க எல்லாரும் தட்டை நீட்டினாங்க, நான் போட்டேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு நான் கேட்டேன். அந்த ஒரு வேளை நான் வீட்டுக்காரனா இருந்தேன் அத்தை.”

இதுதான் என்னைத் திருப்பிப் போட்டது. அதுவரை பார்சல் என்றால், நாம் கொடுக்கிறோம், அவன் வாங்கிக்கொள்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். 36 ஆண்டுகள் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டே பெயர்களை எழுதிப் பழகிய கை இது. ஆனால் வீட்டை விட்டுப் போனவன் இழப்பது ருசியை மட்டும் அல்ல. வந்தவருக்கு உட்காரப் பலகை போட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்லும் உரிமையையும் அவன் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறான். நம் ஊரில் எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும், வந்தவரிடம் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லாமல் அனுப்பமாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் போனால்தான் அந்த வீடு குனிந்துபோகும். என் எள்ளுருண்டையை அவன் மூடியைத் திறந்து நீட்டினான், தீர்ந்தது. மாவில் அவன் கை வேலைக்கு இடம் இருந்தது, பத்துப் பேரை உட்கார வைக்க இடம் இருந்தது. பென்னாகரத்துப் பெரியவர் துணியில் தைத்துக் கொண்டுவந்த இரண்டு கிலோ புளி அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகனுக்குக் குழம்பு வைக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் அண்ணன் மகன் களி கிண்டுவான் என்பது தெரியாது. நான் கேட்டதே இல்லை. ஓராண்டில் எத்தனையோ முறை அவனோடு தொலைபேசியில் பேசினேன், சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். உனக்கு என்ன அனுப்பட்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் அனுப்புவதுதான் பாசம் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது.

மறுபடி பள்ளிக் கூடத்தில்

அந்தத் திண்ணைப் பேச்சை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த 40 பெட்டிகளைப் பிரித்தேன். என் முகம் கடுமையாக இருந்திருக்கும். அந்த ஆசிரியைக்கு அதை விளக்கிச் சொல்லும் பொறுமை அன்று எனக்கு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு நாள் கழித்து நானே மறுபடி போனேன். ‘இந்தியப் படைவீரர்’ என்ற பெயரில் ஒருவரும் இல்லை. எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் உள்ள ஆள்தான் உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உங்கள் ஊரில் யார் வீட்டில் ராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. ஒரு சிறுமியின் சித்தப்பா, ஒரு பையனின் அப்பா, தலைமை ஆசிரியரின் பழைய மாணவர் இருவர். அந்த வீடுகளுக்குப் போய், அவருடைய அம்மாவிடமோ மனைவியிடமோ மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன். அவருக்கு என்ன சமைக்கத் தெரியும், அவரோடு எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், போன முறை அனுப்பியதில் எது திரும்பி வந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம் என்றேன். டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியல் ஏந்தி வருவதோடு நமக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சு முடிந்துவிட வேண்டியதில்லை.

40 பெட்டிகள் கடைசியில் ஆறு பார்சல்கள் ஆயின. வெளிநாட்டில் இருந்தவர் ஒருவர்தான். மற்ற ஐந்தும் 56 ஏபிஓ முகவரிகள். கம்பளிக் குல்லாய்கள் இரண்டு, தேவை என்று சொன்ன ஒரு வீட்டின் வழியாகக் குளிர்ப் பகுதிக்குப் போயின. சில பெற்றோருக்கு என்மேல் மனத்தாங்கல். தங்கள் பிள்ளை கொடுத்தது போகவில்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. மனசு முக்கியம் இல்லை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அந்த மனசு எதிரே இருக்கும் ஆளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சிரமப்பட வேண்டும் என்பதுதான் அந்த ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்பும் பதில். அவரிடம் இதைச் சொல்லியும் விட்டேன். ஒரு சிறுமி கேட்டுவந்த பதிலை அவர் எனக்குக் காட்டினார். நோட்டுத் தாளில், ‘சித்தப்பாவுக்கு ரசம் மட்டும் வைக்கத் தெரியும். 12 பேர். ஊறுகாய் கொட்டிவிட்டது’ என்று எழுதியிருந்தது.

இப்போது அண்ணன் மகன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. பழையபடி 9-இல் தொடங்கும் ஓர் எண்தான். போன வாரம் அவனே அழைத்தான். அவனோடு தென் சூடானில் இருந்த நண்பர் ஒருவர் வேறு பிரிவோடு மறுபடி வெளிநாட்டுப் பணிக்குப் போகிறாராம், அவர் கேட்டாராம் என்று பட்டியல் சொன்னான்: கேழ்வரகு மாவு நான்கு கிலோ, நொய் ஒரு கிலோ, கொள்ளுப் பொடி. அன்று களியை மென்று பல்லில் ஒட்டவைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். “ஒரு துடுப்பும் அத்தை” என்றான். காவேரிப்பட்டணத்தில் ஒரு தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் புழங்கும் துடுப்பு மூன்றடி இருக்கும், படைவீரர்கள் கொண்டுபோகும் கறுப்பு டிரங்குப் பெட்டியில் அது நேராகப் படுக்காது. பெட்டியை மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, இரண்டு விரல் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். புளிய மரத்தில் செய்கிறேன் அம்மா, வெந்நீரில் விரியாது என்றார். வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.